மாசானம் சுமந்த எலும்பு

வடிவின் கால் எலும்பை அவளுடைய மாமனார் மாசானம் தன் காலில் வைத்துச் சுமந்த எட்டு மாதமும் ஊரில் ஒருத்தரை விடாமல் சண்டை போட்டார். பால்காரனோடு, பஸ்ஸில் வருகிறவர்களோடு, ஆஸ்பத்திரிக் காவலாளியோடு, சாமியோடு. அதற்கு முன்னால் அவர் சாதுவாக இருந்தார் என்று சொல்ல வரவில்லை. முன்பெல்லாம் காரணம் இல்லாமல் போட்டார், இப்போது கையில் ஒரு காரணம் இருந்தது. அவ்வளவுதான்.

வடிவு கண்டக்டர். அம்பாசமுத்திரத்துக்கும் தென்காசிக்கும் நடுவே ஓடும் பஸ். அது அவள் புருஷன் பார்த்த வேலை. அவன் மஞ்சள் காமாலையில் போய்ச் சேர்ந்த பிறகு வாரிசு என்று அவளுக்குக் கொடுத்தார்கள். டீசல் போய் பேட்டரி பஸ் வந்துவிட்ட காலம். டிக்கெட்டை செல்போனே எடுத்துக்கொள்ளும். ஆனாலும் எங்கள் பக்கத்தில் கண்டக்டரை ஒழிக்க முடியவில்லை. கூடையும் கோழியுமாக ஏறுகிற கிழவியை எந்த மெஷின் ஸ்டாப் பார்த்து இறக்கிவிடும்? அந்த வேலைக்குக் கால்தான் முதல். ஒரு கையில் மெஷின், ஒரு கையில் சில்லறை. கம்பியைப் பிடிக்க மூன்றாவது கை கிடையாது. இடுப்பை சீட்டில் சாய்த்து, வளைவுக்கு வளைவு காலை ஊன்றி நாள் முழுக்க நிற்க வேண்டும். நிற்க முடியாத கண்டக்டருக்கு டிப்போவில் நாற்காலி எல்லாம் போட மாட்டார்கள். வீட்டுக்குப் போ என்பார்கள். அவள் வீட்டுக்குப் போனால் அந்த வீட்டில் அடுப்பு எரியாது.

வலது முழங்காலுக்குக் கீழே வலி வந்தது. எலும்பில் சீழ் வைத்திருக்கிறது என்று பக்கத்து ஊர் டாக்டர் ஒருத்தர் ஊசியை விட்டுக் கிண்டினார். வாதம் என்று இன்னொருத்தர் எண்ணெய் கொடுத்தார். கடைசியில் திருநெல்வேலிப் பெரிய ஆஸ்பத்திரியில் எஸ்தர் டாக்டர்தான் படத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னாள்.

"சீழ் அப்புறம் வந்தது. முதல்ல வந்தது கட்டி. உடம்பெல்லாம் பரவுற கட்டி இல்ல. ஆனா இருக்கிற இடத்துல எலும்பைத் தின்னுக்கிட்டே இருக்கும். அந்தத் துண்டை எடுத்திரணும்."

"எடுத்துட்டு?" என்றார் மாசானம். அவர் வந்ததிலிருந்து உட்காரவில்லை. ஆஸ்பத்திரி நாற்காலியில் உட்கார்ந்தால் அதற்கும் ரசீது போடுவார்கள் என்பது அவர் எண்ணம்.

"கொஞ்ச நாளைக்கு மருந்து கலந்த சிமெண்ட் வச்சு அடைப்போம்."

"சிமெண்டா? தண்ணி யாரு விடுவா?"

வடிவு அவர் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "மாமா, சும்மா இருங்க."

"இரும்பு வச்சாப் போதாதா டாக்டர்?" என்று வடிவு கேட்டாள்.

"ஊசி விட்டுக் கிண்டினதுல உள்ள சீழ் சேந்திருக்கு. இரும்பு வச்சா சீழ் அதுல போய் ஒட்டிக்கும். அப்புறம் காலை எடுக்கிறதைத் தவிர வழி இல்ல. உங்களுக்கு உயிர் எலும்பு வேணும். இடுப்பு எலும்புல இருந்து கொஞ்சம் எடுத்து, கால் எலும்பு அச்சுல உள்ள ஒரு சட்டத்துல விதைப்போம். அது வளர்ந்து எலும்பாகும். ஆனா கட்டி திரும்ப வராம இருக்க உங்களுக்கு ஏத்துற மருந்து அதையும் வளர விடாது. வேற ஒருத்தர் கால்லதான் வச்சு வளர்க்கணும்."

"தொட்டியில வளக்க முடியாதா? மீனெல்லாம் வளக்காவள்லா?" என்றார் மாசானம்.

டாக்டர் சிரித்தாள். "வளர்த்துப் பாத்தாச்சு பெரியவரே. நல்லா வளரும். சாக்பீஸ் மாதிரி வரும். சும்மா கிடக்கிற எலும்பு கெட்டிப்படாது. மிதிக்கணும், நிக்கணும், குலுங்கணும். எந்த வேலை வாங்குறோமோ அந்த வேலைக்கு ஏத்த மாதிரி அது தன்னைக் கட்டிக்கும். இவங்க கண்டக்டர். சுமக்கிறவரு பஸ்ஸில நின்னாத்தான் அது இவங்க எலும்பு. சொந்தபந்தம், இல்லைன்னா ஒரே வீட்டுல இருக்கிறவங்கதான் சுமக்கலாம். அதுதான் சட்டம்."

வடிவின் தம்பி கடையநல்லூரிலிருந்து வந்தான். அக்காவுக்காக உயிரையே கொடுப்பேன் என்றான். கால் கேட்டதும் மறு வாரமே அவனுக்குத் துபாயில் வேலை கிடைத்துவிட்டது.

ஆஸ்பத்திரி வாசலில் ஒருத்தன் மாசானத்தை ஓரமாகக் கூப்பிட்டான். நல்ல வெள்ளைச் சட்டை. "ஆள் இருக்கு பெரியவரே. சித்தப்பா மகன்னு பேப்பர் நான் ரெடி பண்ணிருவேன். அனுபவசாலி. இது அவனுக்கு நாலாவது எலும்பு." கையைக் காட்டிய இடத்தில், டீக்கடை பெஞ்சில் ஒரு மனிதன் இருந்தான். முப்பது வயதுதான் இருக்கும். கைலியை முழங்கால் வரை ஏற்றியிருந்தான். இரண்டு காலிலும் மேலும் கீழுமாகத் தையல் தழும்பு. டீ கிளாஸை வைத்துவிட்டு எழுந்திருக்க அவனுக்கு ஒரு கம்பும் இன்னொருத்தன் தோளும் வேண்டியிருந்தது.

மாசானம் அவன் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். வடிவு தாங்குகட்டையில் சாய்ந்து நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

"உன் காலுக்கு என்னப்பா ஆச்சு?"

"வெச்ச எலும்பு வேலை பாக்கும் அண்ணாச்சி. அத நம்பி நம்ம எலும்பு சோம்பேறி ஆயிரும். எடுத்த பொறவு நம்மளுது பஞ்சு மாதிரி கெடக்கும். எள வயசுன்னா தேறும். மொத தடவ தேறிச்சு." அவன் குறைப்பட்டுக்கொள்ளவில்லை. மழை பெய்யும் போலிருக்கிறது என்று சொல்வதைப் போலச் சொன்னான்.

மாசானம் எழுந்து வந்து வெள்ளைச் சட்டைக்காரனைப் பார்த்துச் சொன்ன வார்த்தையை இங்கே எழுத முடியாது. பிறகு நேரே எஸ்தர் டாக்டர் அறைக்குள் நுழைந்து வேட்டியை உயர்த்திக் காலை மேஜை மேல் வைத்தார்.

"இதுல வையி."

"பெரியவரே, உங்களுக்கு அறுபத்தேழு வயசு."

"எலும்புக்கு வாக்காளர் அட்டை கேப்பியோ? என் மருமவ எலும்பு என் வீட்டுலதான் இருக்கும். கண்டவன் கால்ல கெடக்காது."

வடிவு வேண்டாம் என்று அழுதாள். அவர் அதைக் காதில் வாங்கவில்லை. ஆறு பரிசோதனை செய்து பார்த்துவிட்டு, டாக்டரும் வேறு வழி இல்லாமல் ஒத்துக்கொண்டாள். இரண்டு பேரையும் ஒரே நாளில் அறுத்தார்கள். வடிவுக்கு எடுத்தார்கள், மாசானத்துக்கு வைத்தார்கள். அவருடைய சொந்த எலும்பை ஒட்டினாற்போல் அந்தச் சட்டத்தை ஆணி போட்டுப் பிடிக்கவைத்தார்கள்.

அப்புறம் நடந்ததுதான் எங்கள் ஊர்க்காரர்கள் மட்டுமே செய்யக்கூடிய காரியம். எட்டு மாதம் சுமக்கிறார் என்று கேட்டதுமே தெருப் பெண்கள் அவரைப் பிள்ளைத்தாச்சி ஆக்கிவிட்டார்கள். பக்கத்து வீட்டுக் கோமதி காலையில் பால் கொழுக்கட்டையும் மாலையில் முருங்கைக் கீரையும் கொண்டுவந்தாள்.

"மாங்கா கீறிப் போடட்டா அண்ணாச்சி? வாய் புளிப்பு கேக்குமே?"

"ஒன் வாயத் தச்சுருவேன் ஓடிரு."

"ஏழாம் மாசம் கையில வளையல் போட்டுப் பாத்துட்டுத்தான் ஓடுவேன்."

குடத்தைத் தூக்கப் போனால் எவனாவது வந்து பிடுங்கிக்கொண்டான். வாசல்படி இறங்கினால் இரண்டு பேர் கையைப் பிடித்தார்கள். அவர் திட்டினார், ஆனாலும் கொழுக்கட்டையைத் தின்றார். பஸ்ஸில் இன்னும் மோசம். டிரைவர் முத்துக்குட்டி, செத்துப்போன மகனோடு சேர்ந்து வளர்ந்தவன். முன் சீட்டில் துண்டைப் போட்டு அவருக்கென்று பிடித்து வைத்தான். டாக்டர் பஸ்ஸில் போகச் சொன்னது அவனுக்குத் தெரியும்; நின்றுகொண்டே போகச் சொன்னதைத்தான் அவன் மனசு கேட்கவில்லை. பெரியவர் காலில் மதினியின் எலும்பு இருக்கிறது என்று அவன் பஸ்ஸை முட்டை வண்டி போல ஓட்டினான். பள்ளம் கண்டால் ஒதுங்கினான், பிரேக்கை ஒத்தடம் கொடுப்பதுபோல் தொட்டான். மாசானம் ஜன்னலோரம் சாய்ந்து ஆழ்வார்குறிச்சி வரும் முன்பே தூங்கிப்போவார்.

மூன்றாம் மாதம் படம் எடுத்தார்கள். எஸ்தர் டாக்டர் திரையில் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள்.

"இது பஸ்ஸில நின்ன எலும்பு இல்ல. பல்லக்குல போன எலும்பு."

மாசானம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"பாருங்க, இந்தப் பக்கம் நுரை மாதிரி இருக்கு. அடுத்த படத்துலயும் இப்படியே இருந்தா எடுத்து வைக்க முடியாது. வச்சா முதல் நாளே நொறுங்கிரும். சிமெண்டும் ரொம்ப நாள் தாங்காது, சீழ் திரும்பிரும். அப்புறம் நான் முட்டிக்கு மேல எடுக்கணும்."

வடிவு தன் காலைப் பார்த்தாள். அது கட்டுக்குள் ஒன்றும் தெரியாததுபோல் கிடந்தது. தான் பயந்தால் கிழவர் உடைந்துவிடுவார் என்று நினைத்து, "இன்னும் நாள் இருக்குல்லா டாக்டர்?" என்று மட்டும் கேட்டாள்.

"இருக்கு. வயசுப் பசங்கன்னா ஓடு, குதின்னு சொல்லுவேன். இவருக்குச் சொல்ல முடியாது. இவரு சொந்த எலும்பு இப்பவே மெலிஞ்சுருக்கு. பஸ்ஸில நிக்கட்டும். பிடிக்காம நிக்கட்டும். அது மட்டும் போதும், வேற எதுவும் செய்யக் கூடாது. விளங்குச்சா பெரியவரே?"

"எனக்கு என்ன குதிக்கிற வயசா? நான் என்ன கொரங்கா?" என்றார் மாசானம்.

அன்றைக்கு அம்பாசமுத்திரத்தில் பஸ் மாறி ஊர் திரும்பியது முத்துக்குட்டியின் பஸ்ஸில். வடிவை முன் சீட்டில் உட்காரவைத்துவிட்டு மாசானம் நடுவில் போய் நின்றார். இரண்டு கையையும் கட்டிக்கொண்டார். ஒரு கல்லூரிப் பையன் எழுந்தான்.

"தாத்தா, உக்காருங்க."

"உக்காரு நீ."

"பரவால்ல தாத்தா, நான் அடுத்த ஸ்டாப்..."

"உக்காருன்னா உக்காருல! எவன் எந்திரிச்சாலும் எனக்குக் கெட்ட கோவம் வரும்."

பின்னால் இருந்து ஒரு அம்மாள் வடிவைப் பார்த்துச் சொன்னாள்: "வயசான மனுசன் தள்ளாடிக்கிட்டு நிக்காரு, கொமரி கல்லு மாதிரி உக்காந்திருக்கா பாரேன்."

"அவ என் மருமவ. அவ எலும்புதான் என் கால்ல நிக்கி. ஒனக்கு என்னா?" என்றார் மாசானம். அந்த அம்மாள் ஏதோ கோட்டி, பைத்தியம் என்று நினைத்து சேலையை இழுத்து மூடிக்கொண்டாள்.

அதற்குள் அவர் டிரைவர் பக்கம் திரும்பிவிட்டார். "ஏல முத்துக்குட்டி! நீ பஸ்ஸா ஓட்டுத, தொட்டிலா ஆட்டுத? பிரேக்கப் போடுல!"

"பெரியப்பா, விழுந்துருவிய."

"விழுந்தா எந்திரிப்பேன். ஒன் மதினி கால் போனா முளைக்குமா? போடுல பிரேக்க!"

முத்துக்குட்டி கண்ணாடியில் வடிவைப் பார்த்தான். அவள் தலையை ஆட்டினாள். அவன் போட்டான். பஸ்ஸில் இருந்த அத்தனை பேரும் முன்னால் போய் வந்தார்கள், ஒரு தேங்காய்க் கூடை கவிழ்ந்தது, மாசானம் காலை அகட்டி ஊன்றி அப்படியே நின்றார். "இது பிரேக்கு" என்றார். பொறுக்கிய தேங்காய்களை அவரே கூடையில் போட்டுக் கொடுத்தார்.

அதன் பிறகு அந்த வழியில் போகிறவர்களுக்குப் பழகிவிட்டது. கிழவர் ஏறினால் யாரும் எழுந்திருக்கக் கூடாது. புதிதாக ஏறினவன் எழுந்தால் மற்றவர்கள் சட்டையைப் பிடித்து உட்காரவைப்பார்கள். வீட்டில் கோமதியின் கொழுக்கட்டையும் நின்றது. மருந்து ஏற்றிக்கொள்ள வடிவு வாரத்துக்கு இரண்டு நாள் திருநெல்வேலியில் தங்க வேண்டியிருந்தது. அவர் கூட வர மாட்டார். "எனக்கு பஸ்ஸு இருக்கு" என்பார். ஆஸ்பத்திரி வாசனை பிடிக்கவில்லை என்று அவள் நினைத்துக்கொண்டாள். திரும்பி வரும்போதெல்லாம் அவர் சாய்வாகவே நடந்தார். கேட்டால், "எலும்ப ஒனக்குக் குடுத்துட்டு அழகா வேற நடக்கணுமோ?" என்று வாயை அடைத்துவிடுவார்.

அடுத்த படத்தில் எலும்பு தேறிவிட்டது. எஸ்தர் டாக்டரே நம்பாமல் இன்னொரு தடவை எடுத்துப் பார்த்தாள். "பஸ் மட்டும்தானே?" என்றாள். "பின்ன ஏரோப்பிளேனா?" என்றார் மாசானம்.

எட்டாம் மாதம் இரண்டு பேரையும் மறுபடி அறுத்தார்கள். எலும்பு வடிவின் காலில் போய்த் தன் வீட்டுக்கு வந்த மாதிரி பொருந்திக்கொண்டது. மாசானத்துக்குத்தான் சரியாகவில்லை. திறந்து பார்த்தபோது அவருடைய சொந்த எலும்பில் மயிரிழை மயிரிழையாக விரிசல். ஒன்று இரண்டு அல்ல. "எப்படி?" என்று டாக்டர் கேட்டதற்கு, "குளிக்கிற எடத்துல வழுக்கிருச்சு" என்றார். எப்போது என்றதற்கு, "தேதி எழுதி வச்சா விழுவாவ?" என்றார். அந்த வயதில் அது இனி ஒட்டாது என்று சொல்லிவிட்டார்கள். காலோடு சேர்த்துக் கட்டுகிற இரும்புப் பட்டை ஒன்றைக் கொடுத்தார்கள். வீட்டுக்குள் நடக்கலாம், தெரு முனை வரை போகலாம், பஸ் ஏற முடியாது. அவர் அந்தப் பட்டையையும் நம்பவில்லை. தினமும் அதன் திருகுகளை முறுக்கிப் பார்த்துத் திட்டிக்கொண்டிருந்தார்.

ஆறு மாதம் கழித்து வடிவை வேலைக்குப் போகலாமா என்று பார்க்கக் கூப்பிட்டிருந்தார்கள். தாங்குகட்டை இல்லாமல் தனியாகப் போனாள். எஸ்தர் டாக்டர் புதுப் படத்தையும், எலும்பை மாமனார் காலிலிருந்து எடுத்த அன்றைக்கு எடுத்த படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருந்தாள்.

"நீங்க தாராளமா போகலாம். கால் கல்லு மாதிரி இருக்கு. ஆனா வடிவு, ஒண்ணு கேக்கணும். உங்க வீட்டுல சின்னப் பொண்ணு யாரும் உண்டா?"

"இல்லையே டாக்டர். நானும் மாமாவும்தான்."

டாக்டர் பென்சில் முனையால் பழைய படத்தில் காட்டினாள். "இந்தக் கோடு எல்லாம் பஸ். அது நமக்குத் தெரியும். சும்மா சொல்லக் கூடாது, நல்லா நின்னுருக்காரு. ஆனா உண்மையச் சொல்லணும்னா, அவரு வயசுக்குப் பஸ் மட்டும் பத்தாது. நான் நம்பிக்கை இல்லாமத்தான் சொல்லி அனுப்பினேன். எலும்பைக் காப்பாத்தினது இதோ, இது. இந்த முன்பக்க வரி. ஒத்தக் கால்ல நொண்டியடிச்சு விளையாடுற பிள்ளைங்களுக்குத்தான் இப்படி வரும். வாரம் தவறாம, மாசக்கணக்கா. பெரியவங்க யாருக்கும் நான் பாத்ததில்ல."

வடிவுக்குப் புரியப் பத்து நொடி பிடித்தது.

"அவரு வழுக்கி விழல" என்றாள் டாக்டர். "குதிச்சா உங்களுது தேறும், தன்னுது போயிரும்னு தெரிஞ்சேதான் செஞ்சிருக்காரு. நான்தான் அவரு முன்னால வச்சே சொல்லிட்டேன்."

வடிவு பஸ்ஸில் எப்படி ஏறினாள், எப்படி இறங்கினாள் என்பது அவளுக்கு நினைவில்லை. யாரோ நகர்ந்து இடம் கொடுத்ததாகவும் தான் உட்காராமல் வந்ததாகவும் பிறகு முத்துக்குட்டி சொன்னான். வழியெல்லாம் அவள் கண்ணுக்குள் ஒரே காட்சி. தான் இல்லாத நாளில், கதவைச் சாத்திக்கொண்டு, வேட்டியை மடித்துக் கட்டிய ஒரு வயதான ஆள் பின்முற்றத்தில் ஒற்றைக் காலில் குதித்துக்கொண்டிருக்கிறார். பல்லைக் கடித்துக்கொண்டு. எவனும் பார்த்துவிடக் கூடாது என்று மதிலை மதிலைப் பார்த்துக்கொண்டு.

வீட்டில் மாசானம் அடுப்பங்கரை வாசலில் காலை நீட்டி உட்கார்ந்து சாம்பாருக்குச் சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்.

"என்னட்டி, என்ன சொன்னா டாக்டர்?"

"திங்கக்கெழம டூட்டிக்குப் போலாமாம்."

"அதுக்கா மூஞ்சிய இந்த லெச்சணத்துல வச்சிருக்க? வேற என்னமும் புதுசா கண்டுபிடிச்சிட்டாளா? நான் அப்பவே சொன்னேன், நல்லா இருக்குன்னு ஒரு டாக்டரு சொன்னா அன்னைக்கே எந்திரிச்சு ஓடியாந்துரணும்."

"மாமா. நான் மருந்து ஏத்தப் போன நாள்ல எல்லாம் நீங்க இங்க என்ன செஞ்சிய?"

"என்ன செஞ்சேன்? பஸ்ஸுல போனேன், வந்தேன், சோறு தின்னேன்."

"அப்புறம்?"

"ஒறங்குனேன். என்ன, போலீசு மாதிரி கேக்க?"

"நொண்டியடிச்சியளா?"

கத்தி நின்றது. அவர் நிமிரவில்லை. காது மட்டும் சிவந்தது.

"எவ சொன்னது? கோமதியா? அவ மதிலு மேல தலைய நீட்டிப் பாக்கது எனக்குத் தெரியாதுன்னு நெனச்சிட்டாளா? அவள..."

"கோமதியக்கா ஒண்ணும் சொல்லல. எலும்பு சொல்லிச்சு."

மாசானம் அவள் வலது காலையே பார்த்தார். எட்டு மாதம் வீட்டில் வைத்துச் சோறு போட்ட விருந்தாளி வெளியே போய்க் கோள் சொன்னால் எப்படிப் பார்ப்பாரோ அப்படிப் பார்த்தார்.

"சவத்த எலும்பு" என்றார். "அதக்கூட நம்ப முடியல பாத்தியா?"

வடிவு அவர் எதிரே தரையில் உட்கார்ந்தாள். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு முழங்காலை மடக்கிச் சப்பணம் போட்டு உட்கார்ந்தாள். ஏன் மாமா இப்படிச் செய்தீர்கள் என்று கேட்கத்தான் வாயைத் திறந்தாள். கண்ணீர்தான் முந்திக்கொண்டு வந்தது. பட்டை கட்டிய அவர் காலைத் தொடப் போனாள். அவர் காலை நகர்த்திக்கொண்டார். தட்டை அவள் பக்கம் தள்ளினார்.

"இந்தா, மிச்சத்த உரி. எவளாவது எட்டிப் பாத்தா வெங்காயம்னு சொல்லிக்கிடலாம்."